தரப்புள்ளியும் இடமாற்றமும்

கல்லூரி மாறுதல் என்பது மாணவர் வாழ்வில் விருப்பத்தால் நிகழ்வதினும் நிர்ப்பந்தத்தால் நிகழ்வதே மிகுதி. தந்தையின் பணிமாற்றம், குடும்பத் தலைவரின் மறைவு, விடுதிக் கட்டணம் செலுத்த இயலாமை எனக் காரணங்கள் பலவாம். அவ்வாறு வருவோர் நம் துறை வாயிலில் நின்று கேட்கும் முதல் வினா, "ஐயா, நான் தேர்ச்சி பெற்ற தாள்கள் இங்கே செல்லுமா?" என்பதே.

தரப்புள்ளி, வழக்கில் கிரெடிட், படிப்பின் சுமையை அளக்கும் அலகாகும். ஒரு பருவம் முழுவதும் வாரத்திற்கு ஒரு மணி நேர வகுப்பு, அல்லது இரண்டு மணி நேரச் செய்முறை, ஒரு புள்ளியாகும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்கு. (வாரம் 6 மணி நேரம் நடத்தும் பகுதி ஒன்று தமிழுக்கு 3 புள்ளிகளே தரும் பாடத்திட்டங்கள் உண்டு என்பது தமிழாசிரியர்தம் நெடுநாள் மனக்குறை.)

ஒரே பல்கலைக்கழகத்தின் பொதுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் இணைவுபெற்ற கல்லூரிகளுக்கிடையே மாறுவோர்க்கு இடர் குறைவு. தன்னாட்சிக் கல்லூரியாயின் நிலை வேறு. தமிழகத்தில் 1978இல் தொடங்கிய தன்னாட்சி முறை, பாடத்திட்டத்தைத் தாமே வகுக்கும் உரிமையைக் கல்லூரிகளுக்கு அளித்தது. எனவே புள்ளிகளின் எண்ணிக்கை ஒத்திருப்பினும் தாளின் உள்ளடக்கம் ஒத்திராது. ஓரிடத்தில் முதற்பருவத்தில் முடிந்த இலக்கணம் மற்றோரிடத்தில் நான்காம் பருவத்தில் வரும். மாறி வந்தவர் ஒன்றை இருமுறை பயில்வார், மற்றொன்றைப் பயிலாமலே விடுவார். இரண்டையும் ஒப்பிட்டு, விடுபட்ட தாள்களை எழுதச் செய்வதே இணைத்தன்மை காணும் பணியாகும்.

பகுதி ஒன்றில்தான் சிக்கல் பெரிது. நம்மிடம் வந்த மாணவியொருத்தி முதலாண்டில் உருது பயின்றவள். தந்தையை இழந்து தாய்வழி ஊருக்கு வந்தாள். இங்கு அவ்வாண்டு உருது வகுப்பு இல்லை. முதலிரு பருவங்களின் தமிழ்த் தாள்களை மூன்றாம் பருவத்தோடு சேர்த்து எழுத நேர்ந்தது. அவள் பெற்ற மதிப்பெண்ணில் குறையில்லை. அதை வைக்க இடமில்லை, அவ்வளவே.

2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மானியக் குழு கல்வித் தரப்புள்ளி வங்கிக்கான விதிகளை வெளியிட்டது. மாணவர் ஈட்டிய புள்ளிகளை அவர் பயிலும் நிறுவனமே அதில் செலுத்தும்; மாணவர் நேரே கொணரும் சான்றுகளை வங்கி ஏற்பதில்லை. புள்ளிகள் அதிகபட்சம் 7 ஆண்டுகள் செல்லும். ஒரு பட்டத்திற்குப் பயன்படுத்திய புள்ளியை மற்றொன்றிற்குப் பயன்படுத்தல் இயலாது. எனினும் பணவங்கியை எண்ணி மயங்குதல் கூடாது. பணம் எங்கும் பணமே. புள்ளியோ, சேரும் கல்லூரி தன் பாடத்திட்டத்தில் ஏற்றாலன்றிப் பட்டத்திற்கு உதவாது.

ஆதலின் மாற்றுச் சான்றிதழ் பெறுமுன்னரே, சேரவிருக்கும் கல்லூரியில் எத்தாள்கள் ஏற்கப்படும் என்பதை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுதல் வேண்டும். மதிப்பெண் பட்டியலோடு, பயின்ற ஆண்டிற்குரிய பாடத்திட்டப் படியைத் துறைத்தலைவர் கையொப்பத்துடன் வாங்கிக்கொள்ளுதல் அதனினும் இன்றியமையாதது. பாடத்திட்டம் திருத்தப்பட்ட பின்னர்ப் பழைய படி கிடைப்பது அரிது.

மேற்சொன்ன மாணவி அப்படியைக் கொண்டுவந்திருந்தாள். அதனால் துணைப்பாடத் தாள்கள் இரண்டும் அன்றே ஏற்கப்பட்டன; எஞ்சிய தமிழ்த் தாள்களை நவம்பர்த் தேர்வில் எழுதித் தேறினாள்.