கடற்பாசி வளர்த்தால் காற்றில் கரி குறையுமா?

கலிபோர்னியக் கரையோரத்தில் வளரும் ராட்சதக் கெல்ப் பாசி, தோதான பருவத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் வரை நீளும். அதற்கு நிலமும் நன்னீரும் தேவையில்லை. கடல்நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சியே வளர்கிறது. இப்படிப்பட்ட பாசிகளை ஏராளமாக வளர்த்து ஆழ்கடலில் அமிழ்த்திவிட்டால், அந்தக் கரி நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே அடங்கிக் கிடக்கும் என்று ஒரு திட்டம் பேசப்படுகிறது.

எவ்வளவு கடல் வேண்டும்? கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக விஞ்ஞானிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் கணினி மாதிரி ஒன்றை உருவாக்கி இதைக் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு கடற்பகுதியிலும் வெப்பம், வெளிச்சம், நைட்ரேட், அலை ஆகியவற்றைப் பொறுத்துப் பாசி எவ்வளவு வளரும் என்று அது சொல்லும். 2023இல் வெளியான முடிவு மலைக்க வைக்கிறது. பாசியின் வழியாக ஆண்டுக்கு 100 கோடி டன் கார்பனை அறுவடை செய்ய, மிக வளமான கடலிலேயே 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பயிரிட வேண்டும். தமிழ்நாட்டைப் போல ஏழரை மடங்குப் பரப்பு இது! இன்னொரு 100 கோடி டன் வேண்டுமென்றால், மிஞ்சியிருப்பது வளம் குறைந்த கடல் என்பதால், பரப்பு மும்மடங்காகிவிடும்.

இது அறுவடைக் கணக்கு மட்டுமே. காற்றிலிருந்து எவ்வளவு குறைந்தது என்பது வேறு கணக்கு. திட்டத்தின் கடினமான இடமும் அதுதான். பாசி கரியை எடுப்பது நீரிலிருந்து. அந்த இழப்பை ஈடுகட்ட, நீர் காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்க வேண்டும். அதற்குள் நீரோட்டம் அந்த நீரை ஆழத்துக்கு இழுத்துச் சென்றுவிட்டால், காற்றில் இருந்த கரி காற்றிலேயே நின்றுவிடும். அட்லாண்டிக்கில் 2011 முதல் பெருகிவரும் சர்காசம் பாசித் திட்டுகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வு இதை ஆராய்ந்தது. நீர் தான் இழந்த கரியைக் காற்றிலிருந்து வாங்கி முடிக்கத் தேவைப்படும் காலம், அந்த நீர் காற்றோடு தொடர்பில் இருக்கும் காலத்தைவிட 2.5 முதல் 18 மடங்கு அதிகம்.

போதாததற்கு, பாசி தின்னும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நுண்பாசிகளின் உணவு. அவையும் கரியை உறிஞ்சுபவை. மீன்வளத்துக்கு அடித்தளமும் அவையே. இந்த இழப்பையும், பாசியில் ஒட்டி வாழும் உயிரினங்கள் சுண்ணாம்பு ஓடு கட்டும்போது வெளிவரும் வாயுவையும் கழித்தால், பலன் 20 முதல் 100 சதவீதம் வரை குறையும் என்கிறது அதே ஆய்வு. நூறு என்றால் மிச்சம் ஒன்றுமில்லை. ஜெர்மனியின் கீல் நகரிலுள்ள கியோமார் ஆய்வு மையத்தின் மாதிரியோ, அமிழ்த்திய பாசி அழுகும்போது அடிக்கடலில் ஆக்சிஜன் குறையும் என்று எச்சரிக்கிறது. அங்கே வாழும் உயிர்களிடம் யாரும் அனுமதி கேட்கப்போவதில்லை.

எனவே, இந்த மாதிரிகள் சரிபார்க்கப்படும் முன்பே பாசியை அமிழ்த்திவிட்டு ‘இவ்வளவு டன் கரி நீக்கினோம்’ என்று சான்று விற்பது நியாயமாகாது. பாசியை அமிழ்த்துவதைவிட, உணவாகவும் தீவனமாகவும் பயன்படுத்தி நிலத்தில் உமிழ்வைத் தவிர்ப்பதே மலிவு என்று இர்வைன் குழுவினரின் பொருளாதாரக் கணக்கும் காட்டியது. ராமநாதபுரம் கடலோரத்தில் மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கும் பெண்கள் செய்வது அந்த வகைத் தொழில்தான். அவர்களின் அறுவடை, உணவைக் கெட்டியாக்கும் கராஜீனனாகவும் பயிர் ஊக்கியாகவும் மாறுகிறது. வருமானம் அந்தக் குடும்பங்களுக்குப் போகிறது.