குமிழிகளில் கண்ட உலோகம்

செப்புக் கம்பி ஒன்றைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு வளைத்தால், அது குழந்தையின் கைக்குக்கூட இணங்கி வளையும். வளைந்த இடத்தை நிமிர்த்த முயன்றாலோ, முன்பிருந்த இணக்கம் போய் முரண்டு பிடிக்கும். குடம் தட்டும் கன்னார் இடையிடையே செம்பை நெருப்பில் காட்டுவது இந்த முரண்டைப் போக்கத்தான். தலைமுறை தலைமுறையாகக் கைகள் அறிந்திருந்த இதன் காரணம், இருபதாம் நூற்றாண்டு வரையில் சாஸ்திரத்துக்குப் பிடிபடவில்லை.

உலோகம் என்பது, அணுக்கள் வரிசை வரிசையாக அணிவகுத்து நிற்கும் ஸ்படிகங்களின் கூட்டம். ஒரு வரிசை முழுவதும் அடுத்த வரிசையின்மீது ஏககாலத்தில் வழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று 1926-இல் ருஷ்ய விஞ்ஞானி பிரெங்கல் கணக்கிட்டபோது, மெல்லிய உலோக ஸ்படிகத்தில் உண்மையாகக் காணும் பலத்தைவிட அது ஆயிரம் மடங்கு அதிகமாக வந்தது. 1934-இல் டெய்லர், ஒரோவான், போலான்யி என்ற மூவர் தனித்தனியே விடை கண்டனர்: அணிவகுப்பில் ஒரு பிசகு இருக்கிறது; ஓரிடத்தில் அரை வரிசை ஒன்று அதிகப்படியாகச் செருகி நிற்கிறது. ஜமக்காளத்தின் ஒரு சுருக்கத்தைக் காலால் தள்ளிக்கொண்டே போனால் ஜமக்காளமே சிறிது நகர்ந்துவிடுவதுபோல, அந்தப் பிசகு ஊர்ந்து செல்லச் செல்ல, ஸ்படிகம் சொற்ப பலத்துக்கே உருமாறிவிடுகிறது.

ஆனால் அணுவைக் கண்ணால் காண்பது எப்படி? கேம்பிரிட்ஜில் லாரன்ஸ் பிராக்கும், நை என்ற இளைஞரும் 1947-இல் வெளியிட்ட உபாயத்தை நினைக்கும்தோறும் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை. சோப்பு நீருக்கு அடியில் நுண்ணிய கண்ணாடிக் குழாயின் முனையை வைத்து, ஏறாமலும் இறங்காமலும் ஒரே அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால், அளவில் ஒன்றுபோலவே இருக்கும் குமிழிகள், ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ ஆனவை, ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்து மிதக்கும். நீரின் மேற்பரப்பு இழுவிசை அவற்றை ஒன்றோடொன்று சேர்க்க, நெருங்கி நசுங்கும்போது அவையே எதிர்த்துத் தள்ள, அணுக்களின் ஈர்ப்பையும் விலக்கத்தையும் ஒத்த ஒரு நாடகம் அந்தத் தட்டிலே நிகழ்கிறது. ஆயிரமாயிரம் குமிழிகள் அறுகோணமாக அடுக்கிய தெப்பத்தைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்தினால், வரிசைகள் முழுதாய் வழுக்குவதில்லை. எங்கோ ஒரு பிசகு பிறந்து, மின்னல்போல் தெப்பத்தைக் கடந்து மறுகரையில் மறைகிறது.

கம்பி இறுகுவதன் மர்மமும் இங்கேதான். வளைக்க வளைக்கப் பிசகுகள் பெருகி, ஒன்றின் வழியை ஒன்று மறித்துச் சிக்கிக்கொள்கின்றன. தெப்பத்தைக் கலக்கிவிட்டால் அதுவும் திக்குக்கொன்றாய்த் திரும்பிய சிறு சிறு துண்டுகளாய்ச் சிதறுகிறது. பிறகு தொடாமல் விட்டுவைத்தால், எல்லைக்கோடுகள் தாமே மெல்ல நகர, சிறிய ஸ்படிகங்களைப் பெரியவை விழுங்கி வளர்கின்றன; குமிழிகள் உடைந்து தீருமுன் கிடைக்கும் ஒரு மணி நேரத்துக்குள், உலையில் செம்புக்கு நடப்பதை அருகிலிருந்து பார்த்துவிடலாம்.