ஒன்றரை ஷிப்ட் என்னும் சொல்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 12 மணி நேர வேலைக்கு 'ஒன்றரை ஷிப்ட்' என்று பெயர். கூலியும் ஒன்றரைதான். நியாயமான கணக்குப்போலத் தோன்றுகிறது. அந்தத் தோற்றத்தின்மீதுதான் எனக்குச் சந்தேகம். எட்டு மணிக்குப் பிறகான நான்கு மணி நேரம் 'அரை ஷிப்ட்' என்று பெயர்பெற்றதுமே சாதாரண வேலையாகிவிடுகிறது. மிகைநேரம் என்ற ஒன்றே மொழிக்குள் இல்லாமல் போகிறது.

சட்டத்தின் கணக்கு வேறு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு, நாளுக்கு 9 மணி அல்லது வாரத்துக்கு 48 மணியைத் தாண்டிய வேலைக்கு இரட்டைக் கூலி என்றது. ஷிப்டுக்கு 400 ரூபாய் வாங்குபவர் ஆறு நாளும் 12 மணி நேரம் நின்றால் மிகைநேரம் 24 மணி. (அவ்வளவு நேரம் வேலை வாங்கியதே வரம்புமீறல், அது தனி வழக்கு.) ஒன்றரைக் கணக்கில் வாரம் 3,600 ரூபாய், சட்டப்படி 4,800. ஆக, இரண்டு ஷிப்ட் கூலி.

"நான் கேஷுவல்தானே, எனக்கெங்க ஓ.டி.?" என்று தொழிலாளியே சொல்கிறார். இந்தப் பிரிவில் நிரந்தரம், தற்காலிகம் என்ற பேதமே இல்லை. கான்ட்ராக்டர் வழியாக, முதலாளிக்குத் தெரியாமலே வந்தவரையும் அச்சட்டம் தொழிலாளி என்றது. பீஸ் ரேட் ஆளுக்கு முந்தைய மாதச் சராசரி வருமானத்திலிருந்து வீதம் கணக்கிடச் சொன்னது.

ஒன்றரைக் கணக்கை ஓர் அரசே எழுதியதும் உண்டு. கொரோனாவைக் காரணம் காட்டி 2020 ஏப்ரல் 17 அன்று குஜராத் அரசு வெளியிட்ட அறிவிக்கை, 8 மணிக்கு 80 ரூபாய் என்றால் 12 மணிக்கு 120 என்று உதாரணமே கொடுத்தது. தொழிற்சங்கங்கள் வழக்குப் போட்டன. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று உச்சநீதிமன்றம் அதை ரத்துசெய்தது.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. இரட்டைக் கூலி அவற்றிலும் நீடிக்கிறது. மிகைநேர வேலைக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்றும் இருக்கிறது. நாளைக்கு வேலை உண்டா என்பதே இன்று தலையாட்டுவதைப் பொறுத்திருக்கும் ஒருவரிடம் 'சம்மதம்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்?

எஞ்சுவது கான்ட்ராக்டரின் நோட்டு. அதில் பெயருக்கு நேரே '1½' என்றிருக்கும். அந்தக் குறியை எழுதியவருக்கு எதிராகவும் வாசிக்கலாம்: 12 மணி நேரம் வேலை வாங்கியதற்கு அவர் கைப்பட எழுதிக்கொடுத்த ஒப்புதல் அது. அந்தப் பக்கத்தைத் தேதியோடு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.