உங்களுக்குத் தெரியுமா? கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டக் கோடு

சரக்குக் கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதை ஊடறுக்கும் கிடைக்கோடும் இருக்கும். அந்தக் கோடு நீருக்குள் மூழ்கும் அளவுக்குச் சரக்கு ஏற்றக்கூடாது. அதன் பெயர் பிளிம்சால் கோடு.

சாமுவேல் பிளிம்சால் நிலக்கரி வியாபாரி; 1868 முதல் டெர்பி தொகுதியின் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். அந்நாளில் ஓட்டைக் கப்பல்களில்கூட அளவுக்கு மீறிச் சரக்கை அடைத்து, பெருந்தொகைக்குக் காப்பீடு செய்து கடலுக்கு அனுப்பினார்கள். கப்பல் மூழ்கினாலும் முதலாளிக்குப் பணம் வந்துவிடும். மாலுமிகளின் கதியோ கொடுமை: ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் ஏற மறுத்தால் சிறை! மக்கள் அந்தக் கப்பல்களைச் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்றார்கள்.

1873இல் பிளிம்சால் இதை நூலாக எழுதி நாட்டையே உலுக்கினார். 1875 ஜூலை 22 அன்று, கப்பல் பாதுகாப்புக்கான மசோதாவைக் கைவிடுவதாகப் பிரதமர் டிஸ்ரேலி அறிவித்ததும், பிளிம்சால் அவையில் கொதித்தெழுந்து சில உறுப்பினர்களை 'அயோக்கியர்கள்' என்றார். பிறகு அவையில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஆனால் மக்கள் அவர் பக்கம் நின்றார்கள். மறு ஆண்டே கோடு கட்டாயமானது.

அதிலும் ஓர் ஓட்டை. கோட்டை எங்கே வரைவது என்பது முதலாளியின் விருப்பம்! 1890இல்தான் சட்டம் அந்த இடத்தை நிர்ணயித்தது.

வட்டத்துக்குப் பக்கத்தில் ஏணிப்படிபோல் சிறு கோடுகளும் உண்டு. நன்னீரில் கப்பல் சற்று ஆழமாக அமிழும்; அதனால் அதற்கான கோடு மேலே இருக்கும். வானிலை சாந்தமான வெப்பமண்டலக் கடலுக்கான கோடும் மேலேதான். எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது, சீற்றம் மிகுந்த வட அட்லாண்டிக் குளிர்காலத்துக்கானது.