காலத்தில் கண்டால் காக்கலாம்

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் நம் இல்லங்களில் குரல் தாழ்ந்துவிடுகிறது. அது கருப்பையைப் பற்றிய நோய் என்றாலோ பேச்சே நின்றுவிடுகிறது. இந்த மௌனத்திற்கு நாம் கொடுத்துவரும் விலை சிறிதன்று. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 6,60,000 பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்டது. ஏறத்தாழ 3,50,000 பேர் மாண்டனர். அவ்வாண்டில் இந்தியாவில் மட்டும் மாண்டோர் தொகை ஏறக்குறைய 80,000. இத்தனைக்கும், முன்கூட்டியே கண்டு தடுக்கத்தக்க புற்றுநோய்களுள் இதுவே முன்வரிசையில் நிற்பது!

நோயின் வேர்

கருப்பையின் கீழ்முனையில் உள்ள குறுகிய பகுதியே கருப்பை வாய். 1842இல் இத்தாலி நாட்டு மருத்துவர் ரிகோனி ஸ்டெர்ன், வெரோனா நகரின் பழைய இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்தார். கருப்பைப் புற்றுநோய் மணமான பெண்களிடையே மிகுந்தும் கன்னியரிடையே அரிதாகவும் இருக்கக் கண்டார். இதன் காரணம் ஏறத்தாழ 140 ஆண்டுகள் விளங்காமலே இருந்தது. 1983இல் ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹௌசன் குழுவினர், இந்நோய்க் கட்டிகளில் மனிதப் பாப்பிலோமா வைரஸின் 16ஆம் வகையைக் கண்டறிந்தனர்; மறு ஆண்டே 18ஆம் வகையையும் கண்டனர். இந்நோயில் ஏறக்குறைய 70 விழுக்காட்டிற்கு இவ்விரு வகைகளே காரணம். இக்கண்டுபிடிப்புக்காக 2008இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வைரஸ் உடலுறவின் வழியே தொற்றுவது. இதைக் கேட்டதும் நோயுற்ற பெண்ணின் ஒழுக்கத்தை ஐயுறுவோர் உளர். இது பெருந்தவறு. இத்தொற்று உலகில் மிகப் பரவலானது. திருமண வாழ்வில் பிறழாத பெண்ணுக்கும் இது வரக்கூடும். பெரும்பாலோர் உடலில் இரண்டோர் ஆண்டுகளில் இது தானாகவே மறைந்துவிடுகிறது. சிலரிடம் மட்டும் நிலைத்து, மெல்ல மெல்ல, பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகளில் புற்றாக முற்றுகிறது. எய்ட்ஸ் கிருமித் தொற்று உள்ளவர்களுக்கும் புகைப்போருக்கும் இந்த ஆபத்து மிகுதி.

பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணை நாம் நற்செய்தியில் காண்கிறோம். அவள் கூட்டத்தில் மறைந்து வந்து ஆண்டவரின் ஆடையைத் தொட்டாள். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. மகளே என்றழைத்து நலம் தந்தார். நோயுற்ற பெண்ணை நோக்கும் கிறிஸ்தவப் பார்வை இதுவே.

அம்பிளிக்கை காட்டிய வழி

நோய் முற்ற நெடுங்காலம் ஆகிறது என்பதே நமக்குக் கிடைத்துள்ள பெரும் வாய்ப்பு. இதைப் பயன்படுத்திய முன்னோடி கிரேக்க நாட்டில் பிறந்து நியூயார்க்கில் பணிபுரிந்த டாக்டர் பாப்பனிகொலாவ். கருப்பை வாயிலிருந்து உதிரும் உயிரணுக்களை நுண்ணோக்கியில் கண்டு நோயை முன்னறியும் முறையை அவர் 1941இல் விரிவாக வெளியிட்டார். அவர் பெயராலேயே அது 'பாப்' சோதனை எனப்படுகிறது. ஆனால் அதற்கு ஆய்வுக்கூடமும் தேர்ந்த நிபுணரும் வேண்டும். சிற்றூர்களுக்கு என்ன வழி?

விடை நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே கிடைத்தது. அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ நல வாழ்வு மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், பிரான்சிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2000ஆம் ஆண்டு முதல் ஓர் ஆய்வை நடத்தின. புளிக்காடியின் சாரமாகிய அசெட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து நோக்குவதே முறை. மாறுபட்ட இடம் வெண்மையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்தனர். தக்கவர்களுக்கு அன்றே உறையவைக்கும் சிகிச்சையும் அளித்தனர்.

2007இல் வெளியான முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. அழைக்கப்பட்ட ஊர்களில், மற்ற ஊர்களை நோக்க, நோய் 25 விழுக்காடும் மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட பெண்களுக்குப் பரிசோதனை அளிக்காதது முறையா என்ற கேள்வி இத்தகைய ஆய்வுகளைக் குறித்துப் பின்னர் எழுந்தது; அது எழவேண்டிய கேள்வியே. நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. தகுதியுடைய 49,311 பெண்களுள் சோதனைக்கு வந்தவர் 31,343 பேர். ஏறத்தாழ 18,000 பேர் வரவில்லை. வாயிற்படி வரை வந்த உதவியை அவர்கள் இழந்தனர்.

இன்று வைரஸையே கண்டறியும் சோதனையும் உண்டு. மராட்டிய மாநிலம் உஸ்மானாபாத்தில் நடந்த ஆய்வில், ஒரே முறை செய்த இச்சோதனை மரணத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது என 2009இல் அறிவிக்கப்பட்டது. இதற்கான மாதிரியைப் பெண்கள் தாமே எடுத்துக்கொள்ளவும் இயலும்.

சிகிச்சையும் தடுப்பூசியும்

சோதனையில் வெண்மை கண்டால் புற்றுநோய் என்று பொருளன்று. அம்பிளிக்கை ஆய்வில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அவ்வாறு தெரிந்தது. அவர்களுள் மிகச் சிலரே புற்றுநோயாளர். மாறுபட்ட திசுவை உறையவைத்தோ சூடேற்றியோ அகற்றினால் பெரும்பாலும் தொல்லை தீரும். தொடக்க நிலைப் புற்றை அறுவை சிகிச்சையால் நீக்கலாம். பரவிய நிலையில் கதிர்வீச்சும் 'சிஸ்பிளாட்டின்' முதலிய மருந்துகளும் இணைத்துத் தரப்படுகின்றன.

2006 முதல் தடுப்பூசியும் உண்டு. 2022இல் இந்தியத் தயாரிப்புக்கும் அனுமதி கிடைத்தது. சிறுமிக்கு இவ்வூசி எதற்கு என்று பெற்றோர் சிலர் தயங்குவர். வைரஸ் உடலை அண்டுமுன் போட்டால்தான் முழுப்பயன். அதனால்தான் 9 முதல் 14 வயது சிறந்த பருவம் எனப்படுகிறது. நாளை அவள் மணவாழ்வில் புகும்போதும் இது அவளுக்கு அரண். இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி போடப்பட்டோரிடம் இந்நோய் 87 விழுக்காடு குறைந்ததை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் பிற்காலத்தில் பரிசோதனை தேவையே.

நாம் செய்யத்தக்கவை

தாய்மார்களே! 30 வயதைக் கடந்தபின், உடலில் எந்தத் தொல்லையும் இல்லாவிடினும், ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் சோதித்துக்கொள்ளுங்கள். தமிழகத்து அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இவ்வசதி உண்டு. மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு, இரு விலக்குகளுக்கு இடையிலோ உறவுக்குப் பின்னரோ உதிரம் காணுதல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை தோன்றினால், வயது எதுவாயினும் உடனே மருத்துவரை நாடுங்கள்.

கணவன்மார்களே! மனைவியை அழைத்துச் செல்வது உங்கள் கடமை. பங்கின் மாதர் சங்கங்களும் அருட்சகோதரிகளின் மருந்தகங்களும் ஆண்டுக்கு ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். தனியே செல்லக் கூசும் பெண் நால்வரோடு சேர்ந்தால் துணிந்து செல்வாள். நாம் காத்துப் பேணும்படி இறைவன் தந்த கொடை நம் உடல். அதைக் காப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.