விண்மீன் அளவையும் பால்வீதியின் வடிவும்

முகிலற்ற இரவில் வானை நோக்குவோர்க்கு விண்மீன்கள் யாவும் ஒரே கூரையிற் பதித்த மணிகளெனத் தோன்றும். அவற்றுள் அண்மையது எது, சேய்மையது எது என்பதைக் கண் பிரித்தறியமாட்டாது. ஒளி மிக்கது அருகிலுள்ளது என்று கொள்ளுதற்கும் இல்லை. சேய்மையிலுள்ள பெருஞ்சுடரும் அண்மையிலுள்ள சிறுசுடரும் ஒத்த ஒளியினவாய்த் தோன்றக்கூடும். ஆயினும், தொலைவை அறிந்தாலன்றி நாம் வாழும் விண்மீன் திரளாகிய பால்வீதியின் வடிவை அறிதல் இயலாது. திருவிழாக் கூட்டத்தின் நடுவே நிற்பவர் அக்கூட்டத்தின் எல்லையைக் காணமாட்டாமை போன்றதே நம் நிலை. அங்ஙனமாயின் அவ்வடிவு அறியப்பட்டது எவ்வாறு என்பதைச் சிறிது சிந்திப்போம்.

இங்கிலாந்தில் வாழ்ந்த வில்லியம் ஹெர்ஷல் என்னும் பேரறிஞர், வானின் பல திசைகளிலும் தென்பட்ட விண்மீன்களை எண்ணி, 1785 இல் பால்வீதியின் படம் ஒன்றை வெளியிட்டார். விண்மீன்கள் எங்கும் ஒரே சீராகப் பரவியுள்ளன என்றும், தம் தொலைநோக்கி திரளின் எல்லைவரை எட்டுகிறது என்றும் அவர் கொண்டார். அப்படத்தில் ஞாயிறு ஏறத்தாழ நடுவில் அமைந்தது. விண்மீன்களுக்கிடையே பரவிய நுண்துகள் சேய்மைச் சுடர்களை மறைக்கும் உண்மை அந்நாளில் தெளிவாகவில்லை. அதனை 1930 இல் ராபர்ட் டிரம்ப்ளர் மெய்ப்பித்தார்.

தொலைவை அறியும் வழிகளைத் தருக்க நூலார் மொழியிற் கூறின், ஒன்று காட்சி, மற்றொன்று கருதல்.

முதலிற் காட்சியைக் காண்போம். நாம் நடந்து செல்லுங்கால், அருகிலுள்ள மரம் தொலைவிலுள்ள மலையின் முன்னே இடம் பெயர்வதுபோலத் தோன்றுகிறதன்றோ? பூமி ஞாயிற்றைச் சுற்றும் பாதையின் குறுக்களவு ஏறத்தாழ 30 கோடி கிலோமீட்டர். ஆறு திங்கள் இடைவிட்டு நோக்கினால், அண்மையிலுள்ள விண்மீனும் அவ்வாறே சிறிது பெயர்ந்து தோன்றும். அக்கோணத்தை அளந்தால் முக்கோணக் கணக்கால் தொலைவு கிடைக்கும். 1838 இல் ஜெர்மானிய அறிஞர் பெசல், அன்ன மண்டலத்து 61 ஆம் விண்மீனை இம்முறையால் அளந்தார். அப்பெயர்ச்சியிற் பாதியாக அவர் கண்ட கோணம் ஒரு விகலையில் மூன்றில் ஒரு பங்கினும் குறைவு. விகலையாவது ஒரு பாகையை 3600 கூறிட்டதில் ஒரு கூறு. அம்மீன் 11.4 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது என்பது இன்றைய கணக்கு. ஓர் ஒளியாண்டு ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

தொலைவு மிக மிக இக்கோணம் சுருங்கி அளவைக்கு எட்டாது போகும். அங்கே துணையாவது கருதல். புகையைக் கண்டு நெருப்பை உணர்தற்குப் புகை ஏதுவாதல் போல, விண்மீனின் உண்மையொளியை உணர்தற்கும் ஓர் ஏது வேண்டும். அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் பணிபுரிந்த ஹென்றியெட்டா லீவிட் அம்மையார் 1912 இல் அதனைக் காட்டினார். சிறிய மெகல்லன் முகிலில், ஒளி கூடியும் குறைந்தும் வரும் 25 விண்மீன்களை அவர் ஆராய்ந்தார். மாற்றத்தின் காலம் நீளுந்தோறும் ஒளியும் மிகுவதைக் கண்டார். அவை யாவும் நமக்கு ஏறக்குறைய ஒரே தொலைவில் இருத்தலால், அவ்வேறுபாடு உண்மையொளியின் வேறுபாடேயாகும். காலத்தால் உண்மையொளியை உணர்ந்து, தோன்றும் ஒளியோடு ஒப்பிட்டால் தொலைவு விளங்கும். எனினும் அருகிலுள்ள மீன்களின் தொலைவை நேரே அளந்தே இவ்வளவுகோல் திருத்தம் பெறுகிறது. காட்சியின்றிக் கருதல் நில்லாது என்பது இதனால் பெறப்படும்.

இத்தகைய மாறும் மீன்களைத் துணைக்கொண்டு, 1918 இல் ஹார்லோ ஷாப்லி கோளவடிவ விண்மீன் கொத்துகளின் தொலைவைக் கணித்தார். அவை தனுசு மண்டலத் திசையில் ஓரிடத்தைச் சூழ்ந்திருந்தன. அதுவே பால்வீதியின் நடு. ஞாயிறு அதனின்றும் நெடுந்தொலைவில் உள்ளது என்று அவர் துணிந்தார். அவர் கூறிய தூரம் மிகையாயினும் திசை பிழைபடவில்லை. இன்றறிந்த தூரம் ஏறத்தாழ 27,000 ஒளியாண்டு.

2013 இல் ஐரோப்பியர் ஏவிய கையா விண்கலம் 2025 சனவரி வரை வானை அளந்தது. 2022 இல் வெளிவந்த அதன் பட்டியலில் 140 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடமாறு கோணங்கள் உள்ளன. நுண்துகளை ஊடுருவும் வானொலி அலைகளால், விண்மீன்கள் பிறக்கும் ஏறத்தாழ 200 இடங்களை அளந்து 2019 இல் வெளியிட்ட படம் நான்கு பெருஞ்சுருள் கரங்களைக் காட்டுகிறது. நம் ஞாயிறோ அவற்றினிடையே ஒரு சிறு கரத்தின் அருகில் உள்ளது.

ஹெர்ஷலிடம் உழைப்புக் குறைவில்லை. தொலைவை உணர்த்தும் ஏதுவே அவர்க்குக் கிட்டவில்லை. நோக்குவோர் எங்கு நிற்பினும் தாமே நடுவில் இருப்பதாகத் தோன்றுதல் இயல்பு. அத்தோற்றத்தை நீக்கி நம் இடத்தை நமக்கு உணர்த்தியது பொறுமையுடன் செய்த அளவையே என்பதை நாம் நெஞ்சிற் கொள்வோமாக.