ஊற்றுக்கே செல்வோம்



எரிகோ நகர மக்கள் இறைவாக்கினர் எலிசாவிடம் முறையிட வந்ததை அரசர்கள் இரண்டாம் நூலில் வாசிக்கிறோம் (2 அர 2:19-22). ஊர் நல்ல ஊர்தான். ஆனால் தண்ணீர் கெட்டுவிட்டது, அதனால் சாவும் கருச்சிதைவும் நேர்கின்றன என்பது அவர்களுடைய கவலை. எலிசா அவர்களை வீண் அச்சம் கொண்டவர்கள் என்று திருப்பி அனுப்பவில்லை. நீர் புறப்படும் ஊற்றுக்கே சென்றார்.

இதே முறையீட்டோடு நம் காலத்திலும் ஒரு தாய் தம் மேய்ப்பரிடம் சென்றார். அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு வடக்கே உள்ள ஓபர்ன் என்ற ஊரைச் சேர்ந்தவர் அவர். 1972ஆம் ஆண்டில் அவருடைய சிறு மகனுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மருத்துவமனைக்குப் போய்வந்தபோது, தம் வீட்டருகிலேயே இதே நோயுள்ள வேறு பிள்ளைகளும் இருப்பதைக் கண்டார். குழாய்த் தண்ணீர் நாற்றமடிக்கிறது, நிறம் மாறி வருகிறது என்று அப்பகுதி மக்கள் ஏற்கெனவே புகார் செய்துவந்தார்கள். தண்ணீர்தான் காரணமோ என்று அத்தாய் ஐயுற்றார். எப்பிஸ்கோப்பல் சபையைச் சேர்ந்த அவருடைய மேய்ப்பர் முதலில் அதை நம்பவில்லை.

1979ஆம் ஆண்டில் அவ்வூரில் கழிவு வேதிப்பொருள் நிறைந்த பீப்பாய்கள் கண்டெடுக்கப்பட்டன. அதையொட்டி 1964, 1967ஆம் ஆண்டுகளில் தோண்டப்பட்ட இரண்டு நகராட்சிக் கிணறுகளைச் சோதித்தார்கள். உலோகங்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்படும் ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற வேதிப்பொருள் அந்நீரில் கலந்திருந்தது. அவ்வாண்டு மே மாதமே கிணறுகள் மூடப்பட்டன. பின்னர் அந்த மேய்ப்பர் நோயுற்ற பிள்ளைகளின் பெற்றோரைத் தம் ஆலயத்திற்கு அழைத்தார். அவர்கள் சொன்ன முகவரிகளை வரைபடத்தில் குறித்தபோது, பல வீடுகள் அருகருகே இருந்தன.

1981ஆம் ஆண்டு சனவரியில் மாநில நலவாழ்வுத் துறை தன் அறிக்கையை வெளியிட்டது. 1969 முதல் 1979 வரை அவ்வூரில் ஐந்து பிள்ளைகளுக்கு இந்நோய் வந்திருந்தால் அது வழக்கமான அளவு. வந்ததோ 12 பேருக்கு. ஆனால் தண்ணீர்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அதே மாதத்தில் அத்தாயின் மகன் இறந்தான்.

உறுதியாகச் சொல்வது ஏன் இவ்வளவு கடினம்? ஒரு பிடி நெல்லைத் தரையில் வீசினால் சில இடங்களில் மணிகள் தற்செயலாகவே குவிந்து விழும். அரிய நோய்களும் சில வேளைகளில் அவ்வாறே ஓரிடத்தில் சேர்ந்து தோன்றலாம். நோயாளிகள் சிலரே என்பதால் கணக்கு எளிதில் தடுமாறும். பல ஆண்டுகளுக்கு முன் எந்த வீட்டில் யார் எவ்வளவு நீர் குடித்தார்கள் என்பதை இன்று யார் அளந்து சொல்ல முடியும்?

ஆயினும் தேடல் நிற்கவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழக அறிஞர்களோடு நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் சேர்ந்து வீடுவீடாகத் தொலைபேசியில் விசாரித்தார்கள். அக்கிணற்று நீருக்கும் நோய்க்கும் தொடர்பு தெரிவதாக 1984ஆம் ஆண்டில் அந்த ஆய்வு கூறியது. அதன் முறையைச் சிலர் குறை கூறினர். எனவே நலவாழ்வுத் துறை மீண்டும் ஆராய்ந்தது. நோயுற்ற 19 பிள்ளைகளை நலமான 37 பிள்ளைகளோடு ஒப்பிட்டது. எந்தத் தெருவுக்கு எந்த மாதத்தில் அக்கிணற்று நீர் எவ்வளவு சென்றது என்றும் கணக்கிட்டது. தாய் கருவுற்றிருந்தபோது அந்நீரைக் குடித்திருந்தால், பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. நீரின் அளவு கூடக்கூட அதுவும் கூடியது. பிள்ளை பிறந்தபின் குடித்த நீரோடு அத்தகைய தொடர்பு தெரியவில்லை. எண்ணிக்கை சிறியது என்பதால் கவனத்தோடு ஏற்க வேண்டும் என்றும் அந்த ஆய்வு கூறியது.

இந்த முடிவைக் கேட்ட தாய்மாரின் உள்ளத்தை நினைத்துப் பார்ப்போம். "நான் குடித்த தண்ணீரா என் பிள்ளையை வதைத்தது?" என்று அவர்கள் கலங்கியிருக்க மாட்டார்களா? பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் கண்ட சீடர்களும் இது யார் செய்த பாவம், இவருடையதா, பெற்றோருடையதா என்றுதான் கேட்டார்கள் (யோவா 9:1-3). இயேசு இரண்டையும் மறுத்தார். தாகத்திற்குத் தண்ணீர் குடித்த தாயிடம் குற்றமில்லை. நோயுற்ற வீட்டில் போய், "கடவுளின் சோதனை", "முன்னோர் செய்த பாவம்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அச்சொற்கள் துயருறுவோரின் சுமையைக் கூட்டுகின்றன. கெட்டுப்போன கிணற்றையோ நம் பார்வையிலிருந்து மறைத்துவிடுகின்றன.

தூய குடிநீர் ஒவ்வொரு மனிதருக்கும் உரிய அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலில் கற்பித்தார். அந்த உரிமையைக் காக்க நாம் எல்லாரும் அறிவியலாளர்களாக இருக்கத் தேவையில்லை. ஓபர்ன் மேய்ப்பர் வேதியியல் கற்றவரல்லர். தாம் நம்பாத ஒன்றையும் பொறுமையோடு கேட்டார், ஆலயக் கதவைத் திறந்து வைத்தார், மெய்யறிய உதவினார். நம் அன்பியக் கூட்டங்களிலும் ஒரு தாய் இப்படிக் கலங்கிப் பேசினால், சான்றின்றி யார்மீதும் பழிசுமத்தாமலும், அவரை வாயடைக்கச் செய்யாமலும், நீரைச் சோதிக்கவும் அதிகாரிகளிடம் முறையிடவும் உடன்செல்வோம்.

எலிசாவைப்போல ஊற்றுவரை செல்லும் துணிவையும், துயருறும் பெற்றோரோடு இறுதிவரை நிற்கும் அன்பையும் நமக்குத் தருமாறு வாழ்வு தரும் தண்ணீராம் ஆண்டவரை மன்றாடுவோம்.